டிராக்டருக்கு முன்பக்க டயர் வாங்குகிறீர்களா? மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள்

பழைய டிராக்டரில் புல் வெட்டுகிறவர்கள், அதிலும் பினாங்கின் தென் செபராங் பிறைப் பக்கம் 6.00-16 அளவில் (அகலம் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம்) முன் டயர் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புது டயர் என்று சொல்லி எனக்கு விற்றதில் ஒன்று 2012இல் செய்தது. புது டியூப் என்று காசு வாங்கிக்கொண்டு உள்ளே வைத்தது ஒட்டுப் போட்ட பழைய டியூப். அதுவும் அளவு தப்பான டியூப். இதற்கெல்லாம் மேலே, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற பள்ளித் திடலும் பாழானது. எனக்கு ஆத்திரம் அதில்தான் அதிகம்.

வண்டி மாஸி பெர்குசன் 135. 1960களில் வந்த மாடல். தோட்டத்தை விற்றபோது அப்பா வாங்கி வைத்தது, இன்னும் நன்றாக ஓடுகிறது. பின்னால் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு கோயில் திடல், தமிழ்ப்பள்ளித் திடல், பக்கத்துத் தாமான் குடியிருப்புகளின் பொதுப் புல்வெளி என்று வெட்டுகிறேன். முன் டயர் தேய்ந்து உள்நூல் தெரிய ஆரம்பித்தது, மாற்றப் போனேன்.

கடைக்காரர் நம்மாள்தான். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னேன். “அண்ணே, உழவுக்கு இல்ல. திடல்ல புல் வெட்டத்தான் ஓடுது. திரும்பும்போது புல்லைக் கிழிக்காத டயரா வேணும்.” அவர் மூன்று வரி டயரை, அதாவது சுற்றிலும் மூன்று மேட்டுக் கோடு ஓடுகிற டயரைக் காட்டினார். “தம்பி, டிராக்டர்னா இதான். எல்லாரும் இதான் போடுறாங்க. திடலுக்கு ஒன்னும் ஆகாது. புது ஸ்டாக்கு.” வேறு வகை இல்லையா என்று கேட்டதற்கு, அந்த ரிம்முக்கு இது ஒன்றுதான் வரும் என்று அடித்துச் சொன்னார்.

அது பச்சைப் பொய். மூன்று வரி டயர் உழவு நிலத்துக்கென்று செய்தது. பக்கத்தில் எஃப்-2 என்று போட்டிருக்கும். நடுவில் உயர்ந்து நிற்கும் வரி மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அதனால் கிளறிய மண்ணிலும் ஸ்டியரிங் திருப்பிய பக்கம் வண்டி போகும். உழவுக்கு அது வேண்டும். புல்தரையில் அதே வரிதான் புல்லின் வேரை அறுக்கும். அதே 6.00-16 அளவில் ஐ-1 என்ற வகையும் இருக்கிறது. டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர்களுக்கும் விவசாயக் கருவிகளுக்கும் போடுவது. வரிகள் அகலமாக, தட்டையாக, நெருக்கமாக இருக்கும், எடையைப் பரப்பி வைக்கும். ஆர்-3 என்று புல்தரைக்கென்றே ஒரு வகை உண்டு, ஆனால் 16 அங்குல ரிம்முக்கு அது சுலபத்தில் கிடைக்காது. பழைய ஜீப்புக்கும் முதல் லேண்ட் ரோவருக்கும் வந்த டயர்கூட இதே 6.00-16தான். ஒன்றுதான் வரும் என்று சொன்னவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. கடையில் இருந்ததைத் தள்ளிவிடப் பார்த்தார், அவ்வளவுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பின்னால் புல்வெட்டி தொங்கும்போது வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். ஈரத்தில், சரிவில், தட்டையான டயர் வழுக்கத்தான் செய்யும். மூன்று வரி டயர் அங்கே நன்றாகப் பிடிக்கும். மேடும் பள்ளமுமான தோப்பில் வெட்டுகிறவருக்கு அதுவே நல்லது. சமமான திடலுக்கு அது தேவையே இல்லை.

பினாங்கில் செப்டம்பர் பிறந்தால் மழைதான், தரை ஊறிப்போய்க் கிடக்கும். பள்ளித் திடலில் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புகிற இடத்தில், கவ் கிராஸ் என்ற திடல் புல் பாய் போலச் சுருண்டு எழும்பி வந்தது. அடியில் மூன்று கறுப்புப் பள்ளம், பக்கத்துப் பக்கத்தில். மழை பெய்ததும் அதில் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் பந்து விளையாடும்போது கால் பிசகும் என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டுச் சொன்னார். மண்ணும் மணலும் கொட்டி நிரவி, புல் பதித்துக் கொடுத்தேன்.

டயரில் காற்றையும் அளவுக்கு மீறி அடித்திருந்தார்கள். காற்று எவ்வளவு ஏறுகிறதோ, மண்ணின் மேல் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவுக்கு இறக்கிய பிறகு பள்ளம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம்தான் பெரிய விஷயம் வெளியே வந்தது. இடது பக்க டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. நிபோங் திபாலில் பஞ்சர் ஒட்டும் மலாய்க்கார பாக்சிக் (பெரியவர்) ஒருவரிடம் கழற்றிக் கொடுத்தேன். அவர் டயரைப் புரட்டிப் போட்டு, ஒன்றும் பேசாமல் உள்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். தேதி எண் 3812. டயரில் அச்சடித்த நீண்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் அது, அதில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2012ஆம் ஆண்டின் 38ஆம் வாரத்தில் செய்த டயர். எண் இருக்கும் பக்கம் வண்டிக்கு உள்ளே போகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். வலது பக்கத்தில் 2024 டயர், அதில் மட்டும் எண் வெளியே தெரிந்தது. இது தற்செயல் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

துணியால் துடைத்தபோது கறுப்புப் பாலிஷ் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே, வரிகளின் அடியில் சுற்றிலும் மயிரிழை மாதிரி வெடிப்பு. ரப்பர் வருடக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் இப்படித்தான் காய்ந்து வெடிக்கும், ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்க வேண்டியதில்லை. டியூபை வெளியே எடுத்தால் அதில் அச்சடித்திருந்தது 7.50-16. பெரிய டியூபைச் சின்ன டயருக்குள் திணித்ததால் மடிந்து, மடிப்பு உரசி உரசி அந்த இடம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு பழைய ஒட்டு. டயர், “புது டியூப்”, பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருந்தேன்.

டயரையும் டியூபையும் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். “ஓட்டின டயர திருப்பி எடுக்க மாட்டோம் தம்பி.” தேதியைக் காட்டினால், “ஓடாத டயர் பழசாகாது” என்கிறார். டியூபைக் காட்டினால், “அது எங்க கடை டியூபே இல்ல” என்கிறார். ரசீதில் எழுதியிருப்பது “டயர் 2” என்பது மட்டும். அளவு இல்லை, வகை இல்லை, டியூப் என்ற சொல்லே இல்லை. இப்படி எழுதினால் பின்னால் எதையும் மறுத்துவிடலாம் என்று தெரிந்தே எழுதுகிறார்கள்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தரையில் போட்டு இரண்டு பக்கமும் புரட்டச் சொல்லுங்கள். இரண்டு டயரின் தேதி எண்ணையும் கைப்பேசியில் படம் எடுங்கள். சில டயரில் ஒரு பக்கம்தான் எண் இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வரும்படி மாட்டச் சொல்லுங்கள். வரிகளின் அடியைக் கையால் விரித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அங்கே தெரியும். டியூபை உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து எடுக்கட்டும், அதில் 6.00-16 என்று இருக்கட்டும். ரசீதில் அளவு, வகை, தேதி எண், புது டியூப் என்ற எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஜப்பான் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வண்டிகளில் முன் டயரின் சுற்றளவும் பின் டயரின் சுற்றளவும் கியருக்குக் கணக்குப் பார்த்துப் பொருத்தியவை. “கொஞ்சம் பெருசுதான், பரவால்ல” என்று முன்னால் வேறு அளவு போட்டால், கெட்டியான தரையில் கியரும் அச்சும்தான் அடி வாங்கும்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் தேவையில்லை, 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கும் பொருளைத்தான் பேசுகிறது. என்னைப் போலக் கூலிக்கு வெட்டுகிறவர்களுக்கு அங்கே கதவு திறப்பது கஷ்டம். போவதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் வண்டியில் ஐ-1 வகை போட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே வருட டயர். முன்னால் எடைக்கட்டியும் மாட்டியாயிற்று. ஈரமான சரிவில் மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது, ஆனால் திடலில் கோடு விழுவதில்லை. பழைய டயர், டியூப், ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், தேதி எண்ணும் ஒட்டும் தெரிகிற மாதிரி படமும் எடுத்திருக்கிறேன். இந்தப் பக்கம் அண்மையில் 6.00-16 வாங்கியவர்கள் யாராவது இருந்தால் குனிந்து உள்பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களை அனுப்புகிறேன்.