பீர் கேம்: விநியோகச் சங்கிலிப் பயிற்சிப் பலகை பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டரின் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய பீர் கேம் என்ற பலகை ஆட்டம், விநியோகச் சங்கிலி (தொழிற்சாலையிலிருந்து வாடிக்கையாளர்வரை சரக்கு கைமாறி வரும் வழி) மேலாண்மை வகுப்புகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மேசை நீளத்துக்கு விரியும் ஒரு தாள், பீர் பெட்டிகளைக் குறிக்கும் சில்லுகள், ஆர்டர் சீட்டுகள், வாடிக்கையாளரின் தேவை எழுதப்பட்ட அட்டைக்கட்டு ஆகியவற்றோடு ஆட்டத்தின் உபகரணங்கள் முடிந்துவிடுகின்றன. இந்த எளிமை ஏமாற்றக்கூடியது.

சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு இடங்கள் உண்டு. ஒவ்வொருவரும் 12 பெட்டி இருப்புடன் தொடங்குகிறார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. சீட்டைக் கவிழ்த்து வைத்து நகர்த்துவதே ஒரே தொடர்பு. ஆர்டர் தொழிற்சாலைப் பக்கமாக மேலே அடுத்தவருக்குப் போய்ச் சரக்கு கீழே வர ஏறக்குறைய நான்கு வாரங்களாகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலரும், கொடுக்க முடியாமல் நிலுவையாகும் பெட்டிக்கு ஒரு டாலரும் செலவாகச் சேரும்.

முதல் நான்கு வாரங்கள் 4 பெட்டியாக இருக்கும் வாடிக்கையாளர் தேவை, ஐந்தாம் வாரம் 8 ஆகி, அதன்பின் மாறுவதே இல்லை. ஆனால் நான் நடத்திய கிடங்குப் பயிற்சி ஒன்றில், விநியோகஸ்தர் இடத்தில் இருந்தவர் தம் கட்டம் காலியானதும் 40 பெட்டி கேட்டார். வரவில்லை என்று அடுத்த வாரமும் 40 எழுதினார். ஏற்கெனவே கேட்ட சரக்கு வழியில் இருப்பது பலகையிலேயே தெரிந்தும் அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னர் சில்லுகள் மொத்தமாக வந்து கட்டத்துக்கு வெளியே வழிந்தபோது, வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டதாக அவர் உறுதியாகச் சொன்னார். இது அவர் ஒருவருடைய பழக்கமன்று. ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், 204 டாலரில் முடிந்திருக்கக்கூடிய ஆட்டத்துக்கு அணிகள் சராசரியாக 2028 டாலர் செலவிட்டிருந்தன. சங்கிலியில் மேலே செல்லச் செல்ல ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் பெருகும் இந்தச் சாட்டை விளைவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சாதனத்தை நான் கண்டதில்லை.

கணினிப் பதிப்புகளில் கூட்டல் பிழை நேராது, நேரமும் மிச்சமாகும். ஆயினும் திரையில் தெரியும் எண்ணைவிடக் கையால் எண்ணி நகர்த்தும் குவியலே தேக்கத்தின் கனத்தை உணர்த்துவதால், நான் பலகையையே பரிந்துரைப்பேன். (பெயரைக் கேட்டு நிர்வாகத்தார் முகம் சுளித்தால் பழச்சாறு என மாற்றிக்கொள்ளலாம்; கணக்கு மாறாது.)

குறையும் சிறியதன்று. ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் சாட்டை விளைவுக்கு நான்கு காரணங்களை வகைப்படுத்தினர்: முன்கணிப்பைத் தொடர்ந்து திருத்துவது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவது, தள்ளுபடியால் விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டுக் காலத்தில் தேவைக்கு மேல் கேட்டுவைப்பது. விலையே மாறாத, தொழிற்சாலைக்கு உற்பத்தி வரம்பே இல்லாத இந்தப் பலகை முதல் காரணத்தைத்தான் நேராகத் தொடுகிறது. ஆகவே இதை ஒரு முழுப் பாடத்திட்டமாக விற்கும் பயிற்சியாளர்களிடம் எச்சரிக்கை தேவை.

வாங்குவோர் முதல் ஆட்டம் முடிந்ததும் பெட்டியை மூடிவிடாமல், சில்லறை வியாபாரியின் விற்பனை எண்ணை நால்வரும் பார்க்க அனுமதித்து இரண்டாம் ஆட்டம் நடத்த வேண்டும். இரு ஆட்டங்களின் ஆர்டர் வரைபடங்களையும் அருகருகே ஒட்டிவைக்கச் சுவரில் இடம் விட்டுவைப்பது நல்லது.