இலை, பூ பாடம் செய்ய எது நல்லது: பழைய பேப்பரா, இஸ்திரிப் பெட்டியா, மைக்ரோவேவா?

போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கையால் செய்த அட்டை ஒன்றும் கொடுக்கலாம் என்று எட்டு வயது மகள் கிளப்பிவிட்டாள். அட்டையில் ஒட்டக் காய்ந்த பூவும் இலையும் வேண்டும், அதுவும் நாற்பது அட்டைக்கு. அந்தச் சாக்கில் மூன்று விதமாகவும் செய்து பார்த்துவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய பேப்பர் கட்சி.

வேகத்தில் பேச்சே இல்லை. மைக்ரோவேவுக்குச் சில நிமிடம், இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு சாயங்காலம், பேப்பருக்கு ஒரு வாரம் பத்து நாள்.

மைக்ரோவேவில் நான் செய்தது நாத்தனார் வீட்டில், இரண்டே தடவை. அதனால் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டைல்ஸ் துண்டுக்கு நடுவே வெள்ளைத்தாள், பூ, வெள்ளைத்தாள் என்று வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, குறைந்த சூட்டில் 30 விநாடி, திறந்து ஆவியை விட்டு மறுபடி 30 விநாடி. கம்பி கிளிப் எதுவும் கூடாது. சங்குப்பூவின் நீலம் அப்படியே நின்றது. இரண்டாவது தடவை கொஞ்சம் கூடிப்போய் மயில்கொன்றை கருகிவிட்டது. மகளுக்கோ கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையே இல்லை.

இஸ்திரி இன்னும் சுலபம். தண்ணீர் ஊற்றாமல், பட்டுக்கு வைக்கிற சூட்டில், இரண்டு தாளுக்கு நடுவே இலையை வைத்துப் பத்து விநாடி அழுத்தி, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். வேப்பிலை, முருங்கை இலை, புளிய இலை மாதிரி மெல்லிசானவை அன்றைக்கே தயார். கொலுவில் வைத்தபோது பார்க்க அழகாக இருந்ததும் இஸ்திரி போட்ட அட்டைகள்தான்.

ஆனால் அதற்கப்புறம் ஐப்பசி வந்தது. நாங்கள் இருப்பது சென்னையில், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். மழை பிடித்துப் பத்து நாளில், மீதமிருந்த அட்டைகளில் இஸ்திரி போட்ட பூவரச இலைக்கும் ரோஜாவுக்கும் வெள்ளையாகப் பூஞ்சை. பேப்பரில் காய்ந்தவை பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. என் முடிவுக்குக் காரணம் இந்த ஒரே விஷயம், ஈரம். சூட்டில் மேல்பரப்பு மொறுமொறுவென்று ஆகிவிடுவதால் காய்ந்த மாதிரி தெரிகிறது. இலையின் நடு நரம்பிலும், பூ காம்போடு சேருகிற தடித்த இடத்திலும் ஈரம் உட்கார்ந்தே இருக்கிறது. பேப்பர் அதை மெதுவாக உறிஞ்சி எடுத்துவிடுகிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டில் பறித்த செடிகள்கூட இருக்கின்றன. அவர்கள் துறையிலும் அடிப்படை முறை இதேதான், தாளுக்கு நடுவே வைத்து அழுத்தித் தாளை மாற்றிக்கொண்டே இருப்பது.

மாற்றுவது முக்கியம். மாற்றாவிட்டால் பேப்பரைவிட இஸ்திரியே மேல். அகராதிக்குள் வைத்து மறந்துபோன ஒரு செம்பருத்தி, அதன் வழவழப்பில் இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டது. இப்போது முதல் மூன்று நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தாள் மாற்றுகிறோம். பள்ளிவிட்டு வந்ததும் "அம்மா, பூவுக்கு டிரெஸ் மாத்தலாமா?" என்று நிற்பாள். ஈரத்தாளை மொட்டைமாடியில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வழவழப்பான பத்திரிகைத் தாள் உறிஞ்சாது. வெளிர்நிறப் பூ என்றால் அச்சு மை ஒட்டாமலிருக்க வெள்ளைத்தாள் ஒன்று இடையில் வேண்டும். மேலே பாரத்துக்கு 10 கிலோ அரிசிப் பை, அம்மிக்கல்லைவிடச் சமமாக அழுத்தும் (சமைக்கச் சமைக்க பாரம் குறையும், அது வேறு கதை). காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வைக்க வேண்டும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தச் சோதனை மகளுடைய இலாகா.

எந்தப் பூ என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். மல்லிகை பழுப்பாகிவிடும். சங்குப்பூ, உண்ணிச்செடிப் பூ நன்றாக வரும். காகிதப்பூ மூன்றே நாள். அதில் நிறமாக இருப்பது இதழே இல்லை, ஒரு வகை இலை, நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ என்று காட்டினால் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள். அரளியும் எருக்கும் மட்டும் வேண்டாம். அரளி விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

ஒட்டுவதற்கு மைதா பசை போட்டால் இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பார்கள், குழந்தை கை வைக்கிற இடத்தில் அந்த விஷம் எதற்கு? ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவினால் போதும். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுவதாக இருந்தாலும் கன்னச் சோதனையை முடித்துவிட்டுப் போங்கள், ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் இலை கறுத்துவிடும்.

காற்று காய்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இஸ்திரியே போதுமாக இருக்கலாம், நான் செய்ததெல்லாம் கடலோரத்தில். நாளைக்குப் பிறந்தநாள், இன்றைக்கு அட்டை வேண்டும் என்றால் நானும் வேப்பிலையைப் பறித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத்தான் எடுப்பேன்.