குதிரைலாட நண்டும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும்: மூன்று வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

எனக்கு வீடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில். மாதம் ஒரு சனிக்கிழமை, கடல் வற்றும் நேரம் பார்த்து, ஒரு தன்னார்வலர் குழுவோடு கிராஞ்சிப் பக்கம் சேற்றில் இறங்குவேன். குதிரைலாட நண்டுகளை எண்ண வேண்டும், ஓட்டின் அகலத்தை அளந்து எழுத வேண்டும், யாரோ விட்டுப்போன வலையில் சிக்கிக் கிடப்பவற்றை வலையை அறுத்து மீட்க வேண்டும். மலாய்க்காரப் பெரியவர்கள் இதை பெலாங்காஸ் என்பார்கள். பெயரில்தான் நண்டு, உறவு சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருக்கம்.

குழுவின் கணக்கு குழுவிடம் இருக்கிறது. ஆனால் நானும் மகளும் தனியாக நடக்கும்போது கண்ணில் படுவதை எங்கே எழுதி வைப்பது? அதற்காகத்தான் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் போட்டேன். காசு கிடையாது. 2008-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது, இன்று லாபநோக்கற்ற தனி அமைப்பாக நடக்கிறது. படம், தேதி, இடம் மூன்றையும் கொடுத்தால் போதும். என்ன உயிர் என்று நீங்கள் ஒரு பெயர் சொல்லலாம். மற்றவர்கள் பார்த்து ஒத்துக்கொள்வார்கள், அல்லது திருத்துவார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ‘ஆய்வுத் தரம்’ ஆகிறது. உரிமம் இடம் கொடுத்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்கும் போகிறது. ஆய்வாளர்கள் பரவல் வரைபடம் போட எடுப்பது அங்கிருந்துதான்.

என் முதல் பதிவில் இரண்டு தப்பு, இரண்டும் நான் செய்தவை. ஓட்டை மேலிருந்து மட்டும் படம் எடுத்துவிட்டு, பெரிதாகத் தெரிந்ததால் டாகிப்ளியஸ் கைகஸ் என்ற பெரிய இனத்தின் பெயரைப் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர், “வாலின் படம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். விஷயமே வாலில்தான் இருக்கிறது. இங்கே இருக்கும் இன்னொரு இனமான சதுப்புநில இனத்துக்கு வால் உருண்டை, விரலிடுக்கில் பென்சில் மாதிரி உருளும். கைகஸுக்கு முக்கோணம், விளிம்பு விரலில் தட்டும். மறுமாதம் ஒன்றைப் புரட்டி வாலை அருகில் வைத்து எடுத்தேன். கால்கள் காற்றில் நடந்தன. அடியில் செவுள்கள் புத்தகத் தாள் போலத் திறந்து மூடின. வால் உருண்டை. அப்படியென்றால் சதுப்புநில இனம்தான், கார்சினோஸ்கார்பியஸ் ரொட்டண்டிகாடா. அந்தப் பெயரின் பின்பாதிக்கே உருண்டை வால் என்றுதான் பொருள். (தூக்கும்போது வாலைப் பிடிக்காதீர்கள். ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள். கவிழ்ந்தால் அது நிமிர்வதே அந்த வாலை ஊன்றித்தான்.)

இரண்டாவது தப்பு இடம். படத்தைச் செய்தி அனுப்பும் செயலி வழியாக மகளின் கைபேசிக்கு அனுப்பி, அங்கிருந்து ஏற்றினேன். இடக் குறிப்பு வழியில் உதிர்ந்துவிட்டது. வரைபடத்தில் இடம் காட்டும் ஊசியைக் கையால் குத்தினேன், அது ஜலசந்தியைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் விழுந்தது. கிராஞ்சி நண்டு இரண்டு வாரம் மலேசிய நண்டாக இருந்தது. எடுத்த கைபேசியிலிருந்தே ஏற்றுங்கள்.

இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு குடும்பத்தின் பெயரைத் தட்டி வரைபடத்தைச் சுருக்கிப் பார்ப்பது. குதிரைலாட நண்டுகளின் குடும்பப் பெயரான லிமுலிடே என்று தேடுங்கள். உலகில் உயிரோடிருப்பது நான்கே இனம். ஒன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெய்ன் முதல் மெக்சிகோவின் யுகாட்டான் வரை. மற்ற மூன்றும் ஆசியாவில், வங்காள விரிகுடா முதல் ஜப்பான் வரை. இந்தியாவில் முக்கியமாக ஒடிசா, மேற்கு வங்கக் கரை. ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இயற்கையாக வாழ்வது ஒன்றும் இல்லை. 44 கோடி ஆண்டுக்கு மேல் பழைய வம்சம் இது. மிஞ்சிய இடம் இவ்வளவுதான் என்று பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வரைபடம் மனிதர்கள் நடந்த இடத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 1990 முதல் தன்னார்வலர்கள் மே, ஜூன் இரவுகளில் முட்டையிட வரும் நண்டுகளை எண்ணுகிறார்கள். அங்கே ஆள் நடமாட்டம் அதிகம். ஆள் போகாத அலையாத்திக் காட்டில் நண்டு நிறைந்திருந்தாலும் வரைபடத்தில் வெறுமைதான் தெரியும். புள்ளி இல்லை என்றால் நண்டு இல்லை என்று படித்துவிடாதீர்கள். எங்கள் சதுப்புநில இனத்தை, உயிரினங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் உலக அமைப்பான ஐயுசிஎன் 1996-ல் ‘தரவு போதாதது’ என்றுதான் வகைப்படுத்தியது. அதனால்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு என்கிறேன்.

இடத்தை மறைக்கும் வசதியும் உண்டு. பிடித்து விற்பவர்களுக்கு வழிகாட்டக் கூடாது என்று நினைத்தால் ‘மறைக்கப்பட்டது’ என்று தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் புள்ளி விழும். பெரிய நாட்டுக்கு இது சரி. கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டரே உள்ள சிங்கப்பூரில் அந்தச் சதுரம் தீவின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சின்ன நாடுகளுக்குச் சின்னச் சதுரம் கொடுத்தால் நன்றாக இருக்கும். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். ஐந்துக்கு நான்கு.

போன மாதம் மகள் ஒரு உரித்த ஓட்டைக் கண்டுபிடித்தாள். முன்விளிம்பு பிளந்திருந்தது, நண்டு அந்த வழியாகத்தான் வெளியே வரும். உள்ளே ஒளி ஊடுருவியது, கண் இருந்த இடம்கூடத் தெரிந்தது. “அப்பா, உயிரில்லாததைப் போடலாமா?” என்றாள். போடலாம், உரித்த ஓடு என்று குறிக்கவே தனி இடம் இருக்கிறது. வாலை அவளே படம் எடுத்தாள், ஓட்டைக் கிடந்த இடத்திலேயே வைத்தாள். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் ஒத்துக்கொண்டார்.