மட் பிளாக், சாலிட் பிளாக், ஏஏசி: பெங்களூரு 30×40 சைட்டுக்கு எது?

அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் வீடு கட்டும் பேச்சு வந்தாலே முதல் கேள்வி "கல் ஒன்று என்ன விலை?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு சாலிட் பிளாக் எனும் கான்கிரீட் கட்டிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் சுவர் என்பது கல் மட்டுமா? உள்ளும் வெளியும் பூச்சு, பட்டி, பெயின்ட், பூச்சு வெடிக்காமலிருக்க ஊற்றும் தண்ணீர், சில வருடம் கழித்து மறுபடியும் பெயின்ட். முடிந்த சுவர் சதுர அடி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். போட்டி அப்போதுதான் சமமாகும்.

மட் பிளாக் என்றதும் பாட்டி வீட்டு மண் சுவரை நினைக்க வேண்டாம். சலித்த செம்மண்ணில் 6 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்தி, மூன்று நான்கு வாரம் நனைத்து எடுக்கும் கட்டி இது. சூளை இல்லை, சுட்ட செங்கலுக்கு ஆகும் ஆற்றலில் சுமார் கால் பங்கு போதும். இதில் பெங்களூருக்குத் தனி உரிமையே உண்டு: 1974இல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய 'அஸ்த்ரா' மையம்தான் இந்தக் கட்டியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஊருக்குள் கொண்டுவந்தது.

மண்ணும் ஒத்துழைக்கிறது. அஸ்திவாரத்துக்கும் சம்புக்கும் தோண்டிய செம்மண்ணை லாரி வைத்து வெளியேற்றுவதற்குப் பதில், மேல்மண்ணைக் கழித்துவிட்டு அதிலேயே கட்டி போடலாம். கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில் தங்கும், களி மேலே படியும். களி அதிகமென்றால் எம்-சாண்டோ குவாரி தூளோ சேர்க்க வேண்டும். பழைய ஏரிப் படுகை சைட், இடிபாடு கொட்டி நிரப்பிய சைட் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து மண் வாங்கிக் கட்டி போட்டால் பாதி லாபம் லாரிக்காரருக்கு.

மட் பிளாக்கில் காசு மிச்சமாவது முதலில் சுவரைப் பூசாமல் விடுவதில்தான். "அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்?" என்று மாமியார் கேட்டார் என்பதற்காக இரு பக்கமும் பூசினால், சாலிட் பிளாக்கே கட்டியிருக்கலாம். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் கட்டுமானத்துக்குக் குடிநீரைத் தடை செய்ததை நினைத்தால், பூசாத சுவர் மிச்சப்படுத்தும் தண்ணீரும் சும்மா இல்லை. சாரல் அடிக்கும் பக்கம் ஜன்னலுக்கு மேல் நீளும் சஜ்ஜாவை நன்றாக நீட்ட வேண்டும். குளியலறைக்குள் பூச்சும் டைல்ஸும் போட்டே ஆக வேண்டும்.

இடம்தான் இதன் பலவீனம். வெளிச்சுவர் மட் பிளாக்கில் 9 அங்குலம், சாலிட் பிளாக்கில் 6. 24×33 அடி வீட்டைச் சுற்றி அந்த 3 அங்குலம் தளத்துக்கு ஏறக்குறைய 28 சதுர அடியை விழுங்கும். ஒரு சின்ன பாத்ரூம் போயிற்று. இன்னொன்று, மட் பிளாக் சுவர் தூண் இல்லாமலே இரண்டு தளத்தைத் தாங்கும். மிச்சத்தில் இன்னொரு பெரிய பங்கு அங்கே. கீழே கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி வாடகை என்று திட்டம் போட்டால் தூணும் பீமும் எப்படியும் வரும். அப்புறம் சுவர் வெறும் தடுப்புதான். தடுப்புக்கு இவ்வளவு கனமான கட்டி எதற்கு?

அந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஏஏசி, அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கட்டி, பொருந்தும். கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோதான். கான்கிரீட் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட வராது. வெயிலையும் தடுக்கும். ஆனால் 900 மீட்டர் உயரத்து பெங்களூரில் வெயில் வீட்டுக்குள் இறங்குவது முக்கியமாக மொட்டை மாடி வழியாக. சென்னைக்கு இது வரம், இங்கே மேற்குச் சுவர் தவிர மற்றதற்கு அவ்வளவு அவசரமில்லை. பூச்சு கட்டாயம். கீசர் மாட்டச் சுவருக்குள் திருகைப் பிடிக்கும் தனி பிளக்கும் வேண்டும்.

அந்த மொட்டை மாடிக்கு வருவோம். தேக்கு விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் போட இன்று தேக்கு விலையும் கட்டாது, ஆளும் கிடைக்காது. ஃபில்லர் ஸ்லாப் வேறு கதை. ஸ்லாபின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். கான்கிரீட் அங்கே பெரும்பாலும் பாரம். அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓட்டை முகத்தோடு முகம் வைத்தால் கான்கிரீட் குறையும், நடுவில் அடைபட்ட காற்று வெயிலைக் குறைக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இது. இங்கேயும் அதே நிபந்தனைதான்: அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் மிச்சம் காலி.

என் ஓட்டு: சொந்தக் குடியிருப்பு, இரண்டு தளம், நல்ல செம்மண் என்றால் மட் பிளாக்கும் ஃபில்லர் ஸ்லாபும். வாடகை மாடிகள் என்றால் சாலிட் பிளாக் அல்லது ஏஏசி சுவர், மேல் தளத்துக்கு மட்டும் ஃபில்லர் ஸ்லாப். மட் பிளாக் என்று முடிவானால் எலக்ட்ரீஷியனை மேஸ்திரிக்கு முன்பே கூப்பிடுங்கள். பூசாத சுவரில் பிறகு காடி வெட்டினால் மறைக்க இடமில்லை.