ஜி.எம். கவுண்டர் செட்: வாங்கலாம், ஆனால் அட்டையில் போட்டிருப்பதை நம்பி அல்ல

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோவை டீலர் ஒருவரிடம் ஜி.எம். (கைகர்-முல்லர்) கவுண்டர் செட், அதாவது கதிரியக்கத் துகள்களை எண்ணும் கருவி, வாங்கினோம். ஈரோட்டுக்காரர்களும் நாமக்கல்காரர்களும் அதைப் பற்றிப் போனில் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

பெட்டி திடமாக இருக்கிறது. எண்கள் கடைசி பெஞ்சுக்கும் தெரிகின்றன. மின்னழுத்தக் குமிழ் ஆடியது; சொன்னதும் ஆள் பஸ் ஏறி வந்து காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். அலுமினியத் தகடுகளில் தடிமன் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர்தான் கேவலம், ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்து, ஓரத்தில் ஆணியால் கீறி வைத்துவிட்டோம்.

பீட்டா துகள்களை (அணுக்கரு சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரான்களை) உமிழும் பொருளாகத் தாலியம்-204 தருவார்கள். அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 4 ஆண்டுகூட இல்லை. ஸ்ட்ரான்சியம்-90 கேளுங்கள், 28.8 ஆண்டு. தாலியத்திலிருந்து வரும் துகளின் உச்ச ஆற்றல் 0.76 எம்.ஈ.வி. (துகள் ஆற்றலுக்கான அலகு); தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி எங்கள் பிள்ளைகள் எடுத்தது 0.7-ஐ ஒட்டி வந்தது. பி.எஸ்சி.க்கு அது நல்ல விடைதான்.

எனக்குக் கடுப்பு அட்டையின் மேல். ‘பீட்டா சிதைவின் அதிதுல்லிய ஆய்வுகளுக்கு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த மாணவி ஒருத்தி, “ஏனுங்க சார், இதுல அணுக்கருவோட சைஸ் தெரியுங்களா?” என்றாள். அட்டை எழுதியவருக்குத் தோன்றாத கேள்வி அது.

கணக்கைப் பாருங்கள். 10,000 கவுண்ட் எடுத்தால் பிழை 1 சதவீதம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமானால் 10 கோடி கவுண்ட். வினாடிக்கு 100 வீதம் ராப்பகலாகப் பதினோரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். ஓடினாலும், ஒரு துகளை எண்ணியதும் இந்தக் குழாய் சுமார் 100 மைக்ரோ வினாடி கண்ணை மூடிக்கொள்ளும். நூற்றில் ஒன்று அங்கேயே போய்விடும்.

உண்மையான அதிதுல்லிய ஆய்வு வேறு தினுசு. குவார்க்குகள் என்பவை புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றுக்குள் இருக்கும் நுண்துகள்கள். அவற்றில் அப் குவார்க் டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் என்ற மற்ற வகைகளோடு இணையும் வலிமைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். 2020-இல் இயற்பியலாளர்கள் ஹார்டியும் டவுனரும் தொகுத்த கணக்கில் 0.9985 வந்தது, கூடக்குறைய 0.0007. அந்தச் சிறு பள்ளம் புதிய இயற்பியலா, கணக்கில் சேர்க்கும் திருத்தங்களில் உள்ள கோளாறா என்பதுதான் வழக்கு. கூட்டுத்தொகையில் பெரும்பங்கு சில அணுக்கருக்களின் பீட்டா சிதைவிலிருந்து வருகிறது. அணுக்கருவின் அளவு நுழைவது இங்கேதான். இந்தச் சிதைவில் வெளியேறும் பாசிட்ரானை (நேர்மின்னூட்டமுள்ள எலெக்ட்ரானை) அணுக்கருவின் மின்னூட்டம் தள்ளுகிறது. அந்த மின்னூட்டம் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறதா, உருண்டையாகப் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிதைவு வேகம் மாறும். புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளே பரவியிருக்கும் விதம் அச்சு அசல் ஒன்றாக இல்லாததற்கும் ஒரு திருத்தம் உண்டு. அதற்கும் ஆரம் வேண்டும்.

இதில் முக்கியமான சாட்சி அலுமினியம்-26-இன் கிளர்வு நிலை. அரை ஆயுள் 6 வினாடிச் சொச்சம். எடுத்து வைத்து அளக்க முடியாது. அதனால் அதன் ஆரத்தை அக்கம்பக்கத்து அணுக்கருக்களை வைத்து 3.04 ஃபெம்டோமீட்டர் என்று மதிப்பிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். (மீட்டரைப் பத்து கோடி கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர்.) ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னிலும் பின்லாந்தின் யுவாஸ்கிலாவிலும் லேசரால் அளந்து 2023-இல் வெளியிட்ட அளவு 3.130. அந்த அணுக்கருவின் திருத்தப்பட்ட சிதைவு மதிப்பு ஒரு பிழை அலகு (ஒரு திட்ட விலக்கம்) அளவு நகர்ந்தது. மொத்தப் பள்ளம் இதனால் தூர்ந்துவிடவில்லை, இம்மியளவு குறைந்தது. ஆனால் மற்ற அணுக்கருக்களிலும் ஆரத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும் என்பது உறைத்தது. அந்த லேசர் அளவைக்கு ஒப்பீடாக வைத்தது சாதாரண அலுமினியம்-27. நாங்கள் ஆணியால் கீறி வைத்த தகட்டில் இருப்பதும் அதுவேதான் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆக, பாடத்திட்டச் செய்முறைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். ஈயக் கூண்டுக்குத் தனி விலை போடுகிறார்கள். கொட்டேஷன் வாங்கும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்; பிறகு கேட்டால் குறைக்க மாட்டார்கள்.