டவர் நிறைய இருக்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை

வீடு வடசென்னையின் தண்டையார்பேட்டையில், வேலை மண்ணடியில். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே அலைபேசி எண், ஒரே நிறுவனம். அது எது என்று சொல்லப் போவதில்லை. மூன்று பெரிய தனியார் நிறுவனங்களில் ஒன்று என்பது போதும். பெயரை மாற்றிப் போட்டுப் படித்தாலும் இதில் பெரிதாக எதுவும் மாறாது.

என் குறை ஒன்றுதான். கட்டண உயர்வு தேதி குறித்து வருகிறது. அன்று நள்ளிரவே எல்லோருக்கும் அமலாகிறது. வலையமைப்பு மேம்பாட்டுக்கு மட்டும் தேதியே கிடையாது. ‘உங்கள் பகுதியில் பணிகள் நடைபெறுகின்றன’ என்ற பதிலை எத்தனை ஆண்டு கேட்பது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்தபோது எல்லா நிறுவனங்களும் இறங்கி வந்தன. அந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாதவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டதும், எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள தமிழ்நாடே கடை கடையாக அலைந்தது பலருக்கும் நினைவிருக்கும். போட்டிக்கு ஆள் குறைந்த பிறகு விலை ஏறத் தொடங்கியது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று பெரிய உயர்வுகள். கடைசி உயர்வை மூன்று நிறுவனங்களும் ஒரு நாள் முன்பின்னாக, ஜூலை 3, 4 தேதிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பெரும்பாலான திட்டங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறின. சில திட்டங்களில் அது இருபதைத் தாண்டியது. போட்டி என்ற சொல்லுக்கு இதற்குமேல் என்ன பொருள் சொல்வது?

இதில் 28 நாள் கணக்கு வேறு. சம்பளம் ஆண்டுக்குப் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதின்மூன்று. 84 நாள் திட்டம் நான்கு போட்டால் 336 நாள்தான் வரும். ஆண்டு முடிவதற்குள் ஐந்தாவது தேவைப்படும். 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை இருக்கத்தான் இருக்கின்றன. செயலியைத் திறந்து விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால் கண்ணில் படும்.

சரி, கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது?

நாட்டில் 5ஜி தொடங்கிய 2022 அக்டோபரிலேயே சென்னை முதல் பட்டியலில் இருந்தது. எங்கள் தெருவுக்கும் அது பிறகு வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசற்படியில் 5ஜி, கூடத்தில் 4ஜி, சமையலறையில் ஒன்றுமே இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்து. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான், ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் அதில் அந்த வேகம் இருக்காது. ஆகவே இப்படி நெருக்கியடித்த பகுதிகளில் சிறிய டவர்களை அடுத்தடுத்து வைத்தாக வேண்டும். அதற்கான செலவைச் செய்யாமல், நிறுவனத்தின் வரைபடத்தில் எங்கள் தெருவை 5ஜி நிறத்தில் தீட்டிவிட்டார்கள். வரைபடத்துக்குச் சுவர் தெரியாது போலும்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. 2024 உயர்வுக்குப் பிறகு, என் நிறுவனத்தில் வரம்பற்ற 5ஜி வேண்டுமானால் நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேலுள்ள திட்டமே போட வேண்டும் என்றாகிவிட்டது. நான் அதைத்தான் போடுகிறேன். அந்த 5ஜி எனக்குக் கிடைப்பது வாசலிலும் மொட்டை மாடியிலும்.

அலைபேசியில் கோடுகள் நிறைந்திருந்தால் சேவை நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன் சந்தைக்கு வந்து பாருங்கள். கோடுகள் அத்தனையும் இருக்கும். வஞ்சிரத்தை எடைபோட்டு வெட்டிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் காத்திருப்பார். என் அலைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “என் பெட்டி பேசவில்லையே தம்பி” என்பார். பணம் வந்தால் குரல் கொடுக்கும் பெட்டியைச் சொல்கிறார். அவர் பெட்டிக்கும் அதே கதிதான். கோடு காட்டுவது அலையின் வலுவை மட்டுமே. அந்த அலையை அந்த நேரத்தில் எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அது காட்டாது. ஏலத்துக்கு வந்தவர்கள், சில்லறையில் வாங்க வந்தவர்கள், வண்டிக்காரர்கள் என்று ஒரே டவரில் அத்தனை பேரும் தொங்கினால் யாருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது. இப்போதெல்லாம் சட்டைப்பையில் நோட்டோடுதான் போகிறேன்.

புகார் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். புகார் சேவையான 198க்கு அழைத்தால் புகார் எண் கொடுத்தாக வேண்டும், கொடுக்கிறார்கள். முதலில் அலைபேசியை அணைத்துப் போடச் சொல்வார்கள், அடுத்து சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். இரண்டு நாளில் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். சமையலறையில் இருந்தால் அதுவும் தாமதமாகத்தான் வரும். இதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரி அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனிநபர் புகார்களை ட்ராய் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கிவிட்டது. ஆனால் முந்நூறு சொச்சம் ரூபாய் ரீசார்ஜுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு யார் அலைவது?

மேல்முறையீட்டால் ஒரு பயன் இருந்தது. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே அழைத்துப் பேசினார். இந்தப் பகுதி டவரில் சுமை அதிகம், இன்னொன்று வைக்க மாடி கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் அக்கம்பக்கத்தார் விடவில்லை என்றார். இந்தப் புகார் விவகாரம் முழுவதிலும் நான் கேட்ட நேர்மையான பதில் அதுதான். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. டவர் வந்தால் புற்றுநோய் வரும் என்று எங்கள் பக்கத்துத் தெருவில் கூட்டமே போட்டார்கள். டவர் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012இலேயே சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்துவிட்டது. இதைச் சொன்னால் என்னை நிறுவனத்தின் ஆள் என்கிறார்கள். அதே ஆட்கள்தான் மறுநாள் மாடிப்படியில் நின்று “ஹலோ, ஹலோ” என்று கத்துகிறார்கள்.

பாதியில் அறுபடும் அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று ட்ராய் 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2024இல் வந்த தர விதிகளின்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் இழப்பீடு உண்டு. என் சமையலறை மாவட்டம் ஆகாது.

பாராட்ட வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வைத்திருப்பது பட்டன் அலைபேசி. தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் அவருக்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி போட்டது. செயலியில் தேடி அலுத்துப்போய் தெருமுனை ரீசார்ஜ் கடைக்குப் போனேன். “பாய், டேட்டா இல்லாத திட்டம் இருக்கிறதாமே?” என்றதும், “இருக்கிறது தம்பி. யாரும் கேட்பதில்லை, அதனால் நானும் சொல்வதில்லை” என்று உடனே போட்டுக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்றால், பார்த்தாயிற்று. இரண்டாவது சிம்மாக இன்னொரு நிறுவனத்தை ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்தேன். கூடத்தில் அது தேவலை. மண்ணடி அலுவலகத்தின் பழைய கட்டடத்தில் இதைவிட மோசம். அலுவலக ஜிஎஸ்டி கணக்குக்கு வரும் ஓடிபி-க்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்ட வேண்டியிருந்தது. விலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிஎஸ்என்எல் மலிவுதான், ஆனால் அதன் 4ஜி முறைப்படி தொடங்கப்பட்டதே 2025 செப்டம்பரில். மாற விரும்புகிறவர்கள் 1900க்கு போர்ட் செய்தி அனுப்பும் முன், அந்த நிறுவனத்தின் சிம் உள்ள நண்பரை வீட்டுக்கு அழைத்து, சமையலறையிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் பேசச் சொல்லிப் பாருங்கள். வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு மாறாதீர்கள். மாறிவிட்டால் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

நான் கடைசியில் வீட்டுக்கு பிராட்பேண்ட் இழுத்துவிட்டேன். அலைபேசியில் வைஃபை காலிங்கை இயக்கிய பிறகு சமையலறையிலும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. அதாவது, அலைபேசி நிறுவனம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அழைப்பை, தனியாகக் காசு கொடுத்து நான் கொண்டுவருகிறேன். கோடை இரவில் மின்சாரம் போனால் ரூட்டரும் போய்விடும், பழைய கதை திரும்பிவிடும். அதற்காக ரூட்டருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் விலை ஏறக்குறைய நான்கு ரீசார்ஜ். என் அலைபேசிக் கட்டணம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் இப்போது அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.