டிஸ்க் கையில் இருந்தாலும் கேம் ஓடாது: வேலூர் பக்கம் கேம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வேலூரில் ஒரு கடையில் 3,999 ரூபாய் கொடுத்து வாங்கிய கேம் டிஸ்க், என் அக்கா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. மெஷினும் நன்றாகத்தான் இருக்கிறது. நெட் இல்லாததால் ஓடவில்லை, அவ்வளவுதான். ஒரே ஆள் உட்கார்ந்து விளையாடும் கேமுக்கு நெட் எதற்கு? இதைக் கடையில், காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டேன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

நான் குடியாத்தத்துக்காரன். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கேபிள் நெட் கிடையாது. போன் சிக்னலும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால்தான் வரும். அக்கா மகன் இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினான். என்னோடு வேலை பார்ப்பவர் விற்ற பழைய கேம் மெஷினைப் போன வருஷமே அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். கார் ரேஸ் கேம் ஒன்றுக்காக அவன் காசு சேர்த்துக்கொண்டே இருந்தான். பொங்கலுக்குக் கிடைத்தது, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெரியவர்கள் கையில் வைத்தது, எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய். மீதியை நான் போட்டேன்.

கடையில் நான் கேட்டது இதுதான்: "பையன் ஊர்ல நெட் கிடையாது. நெட் இல்லாம ஓடுமா?" கடைக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "டிஸ்க் போட்டா ஓடும் சார். நெட்டெல்லாம் நாலு பேர் சேந்து ஆடறதுக்குத்தான்." சரி என்று ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ரேட் ஏறும் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார். அங்கே விட்டுக் கொடுத்தது என் தப்பு. நீங்கள் விடாதீர்கள்.

வீட்டில் டிஸ்க்கைப் போட்டதும், பாதி கேம்தான் அதில் இருக்கிறது, மீதியை இறக்கிக்கொள் என்றது. கிட்டத்தட்ட 40 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி கிடைக்கும் போனில் அது நடக்கிற காரியமா? மெஷினைத் துணியில் சுற்றி பஸ்ஸில் குடியாத்தம் கொண்டுவந்து, என் வீட்டு வைஃபையில் இரண்டு ராத்திரி ஓடவிட்டு இறக்கினோம். திரும்ப ஊருக்குக் கொண்டுபோய் ஆன் செய்தால், சர்வரோடு, அதாவது கேம் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு, இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. தனியாக ஆடும் ஆட்டத்துக்குக்கூட உள்ளே போக விடவில்லை.

பையன் விடவில்லை. என் பழைய போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கல்லை வைத்து நிறுத்தினான். அதன் ஹாட்ஸ்பாட் ஜன்னல் வழியாகக் கீழே கூடத்துக்கு எட்டியது. கேமும் ஓடியது. ஒரு ரேஸில் கடைசிச் சுற்று, இவன்தான் முதலில் போய்க்கொண்டிருந்தான். சிக்னல் போனது. திரை அப்படியே உறைந்து, முதல் பக்கத்துக்குத் தூக்கி எறிந்தது. ஜெயித்த காசு, ஓடிய தூரம் எதுவும் பதிவாகவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா மாமா, நம்ம வீட்ல நம்ம டிஸ்க்கப் போட்டு ஆடறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இன்னொரு நாள் சிக்னல் முழுசாக இருந்தும் உள்ளே விடவில்லை. அன்றைக்குக் கம்பெனி சர்வரிலேயே பராமரிப்பு வேலையாம்.

அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழ் மூலையில் கடையின் விலை ஸ்டிக்கர். நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், "இன்டர்நெட் கனெக்ஷன் ரெக்வயர்டு" என்று இருந்தது. வேண்டுமென்றே ஒட்டினாரா, தெரியாமல் ஒட்டினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். வாங்குகிறவன் பார்க்க வேண்டிய ஒரே வரி அதுதான். அது மறைந்திருந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். "சீல் உடைச்சிட்டீங்களே சார், எப்பிடி எடுத்துக்கறது?" என்றார். உடைக்காமல் ஓடுமா ஓடாதா என்று எப்படிப் பார்ப்பது? மூன்றாம் முறை போனபோது 2,000 ரூபாய்க்குக் கழித்துக்கொண்டு வேறு கேம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதில் கடைக்காரரை மட்டும் சொல்லி ஆகப்போவதில்லை. இப்படிச் செய்து வைத்தது கேம் கம்பெனிகள். திருட்டுக் காப்பியைத் தடுக்கவும், பழைய டிஸ்க் கைமாறுவதைக் கட்டுப்படுத்தவும், கேமுக்குள்ளேயே பொருள் விற்கவும் இந்தக் கட்டாயம் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஆட நெட் வேண்டும் என்றால் நியாயம். தனியாக ஆடுகிறவனைக் கட்டிப்போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை எதிர்த்து உலகம் முழுக்கப் பத்துப் பதினைந்து வருஷமாகச் சண்டை நடக்கிறது என்பதை இந்த விவகாரத்துக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2010-இல் யுபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி தன் கம்ப்யூட்டர் கேம்களுக்கு இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே அதன் சர்வர் தாக்கப்பட்டு, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆட முடியாமல் நின்றார்கள். 2012 மே மாதம் டயாப்லோ 3 என்ற கேம் வந்த அன்று உள்ளே நுழைய முடியாமல் "எரர் 37" என்ற செய்தியையே ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்கொரியாவில் புகார்கள் குவிந்து, அங்கத்திய வணிக ஆணையம் அந்தக் கேம் கம்பெனியின் அலுவலகத்திலேயே சோதனை போட்டது. 2013 மார்ச்சில் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேம் வந்தபோதும் இதே கதை. கேமுக்கான கணக்கீடெல்லாம் கம்பெனி சர்வரில் நடப்பதால் நெட் இல்லாமல் முடியாது என்றார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களே நெட் இல்லாமல் ஆடும் வசதியை அப்டேட்டில் கொடுத்தார்கள்.

என்னை மிகவும் உறுத்தியது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் மெஷின் விஷயம். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது மெஷின் நெட்டில் இணைய வேண்டும் என்று 2013-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நெட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, அவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று அந்தப் பிரிவின் தலைவரே சொன்னார். மலையடிவாரத்தில் சிக்னலுக்கு மாடி ஏறும் பையனுக்கும் அவர் சொல்லும் பதில் அதுதானே. எதிர்ப்பு தாங்க முடியாமல் ஜூன் 19-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். எதிர்த்துக் கேட்டால் இறங்கி வருகிறார்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தி க்ரூ. அதுவும் கார் கேம்தான், 2014-இல் வந்தது, தனியாக ஆடவும் நெட் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு, டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்கள் உட்பட யாருக்கும் அது ஓடாமல் போனது. அதிலிருந்துதான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" என்ற இயக்கம் கிளம்பியது. விற்ற கேமை, கடையைக் கட்டும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுக்கும் மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. கலிபோர்னியாவில், வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்பதை டிஜிட்டல் கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் நல்லது. அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேம் வாங்கப் போனால், கடையில் காட்டுவதற்கு வைத்திருக்கும் டிவியில் அதே கேம் இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். "ஓடும் சார்" என்ற வாய் வார்த்தையை நம்ப வேண்டாம், பில்லிலேயே "நெட் இல்லாமல் ஓடும்" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். டப்பாவின் பின்பக்கத்தைக் கடையிலேயே முழுசாகப் படியுங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். "சிங்கிள் பிளேயர்" என்று போட்டிருந்தால் நெட் வேண்டாம் என்று அர்த்தமில்லை, நான் விழுந்ததே அங்கேதான். நெட் உள்ள வீட்டுக்காரர்களும் கவனியுங்கள். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமின் சர்வர் பராமரிப்பில் 30 மணி நேரத்துக்கு மேல் நின்றபோது, வீட்டில் எவ்வளவு நல்ல நெட் இருந்தும் தனி ஆட்டத்தின் பெரும்பகுதியை யாரும் ஆட முடியவில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915-க்கு போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நான் பேசி, புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதும், இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இந்த மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு மனு எழுதப்போகிறேன். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, உரித்த ஸ்டிக்கர், அந்த வரி தெரியும்படி எடுத்த போட்டோ எல்லாம் ஒரு கவரில் இருக்கின்றன. குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் நீங்களும் 1915-இல் பதிவு செய்யுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.